தேயிலையை எதில் ஊறவைப்பது? முதல் பாத்திரம் வாங்குவோருக்கு

முழு இலைத் தேயிலைக்குப் பாத்திரம் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது பீங்கானா, கண்ணாடியா, களிமண்ணா என்பதை அல்ல. நினைத்த நொடியில் இலையையும் நீரையும் பிரிக்க அதில் வழி இருக்கிறதா என்பதைத்தான். எவ்வளவு அழகான பாத்திரமானாலும், ஒரு கோப்பை ஊற்றிய பிறகு மிச்ச நீரில் இலை கிடந்து ஊறிக்கொண்டே இருந்தால் அடுத்த கோப்பை கசக்கும்.

இலையிலிருந்து எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் நீரில் இறங்குவதில்லை. தியானின் என்ற அமினோ அமிலம் தேநீருக்கு மென்மையான, நாவில் நிற்கும் ஒரு ருசியைத் தருகிறது. மிதமான சூட்டிலேயே அது எளிதாகக் கரைந்துவிடும். காஃபீனில் பெரும்பகுதி வெந்நீரில் முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தருகிற கேட்டெச்சின்களோ, சூடு ஏற ஏற, நேரம் ஆக ஆக மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருக்கும். தியானின் நன்றாக இறங்கி, கேட்டெச்சின்கள் அளவோடு இறங்கிய கட்டத்தில் நிறுத்தினால் நல்ல தேநீர். ஆகவே பாத்திரத்துக்கு வேலை மூன்று: சூட்டைக் காக்க வேண்டும், இலை விரிய இடம் தர வேண்டும், சரியான நேரத்தில் ஊறலை முடித்துவைக்க வேண்டும்.

மூன்றையும் குறைந்த சிரமத்தில் செய்வது, மூடியுள்ள ஒரு பீங்கான் குவளையும் அதற்குள் இறங்கும் அகலமான எஃகுக் கூடை வடிகட்டியும்தான். பலர் இதைவிட்டு, சங்கிலி கோத்த சிறு பந்து வடிகட்டியை வாங்கிவிடுகிறார்கள். கிரீன் டீக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங்கை உருட்டிக் காயவைத்தது போன்ற தேயிலை ஊறும்போது பல மடங்கு பருக்கும். பந்துக்குள் அதற்கு இடம் கிடையாது. வெளிப்புறத்து இலை நன்றாக ஊற, நடுவில் இருப்பது இறுகிக் கட்டியாகிவிடும். உள்ளே நீரோட்டமும் இருக்காது. நீர் வெளுத்தே இருக்கிறதென்று இன்னும் சில நிமிடம் விட்டால், வெளிப்புறத்து இலையிலிருந்து கசப்பும் சேர்ந்து வரும். இலை அதிகமாகி, சுவை குறைந்த தேநீர் இப்படித்தான் உண்டாகிறது.

கூடை வாங்கும்போது அதைக் குவளைக்குள் இறக்கிப் பாருங்கள். அதன் அடி குவளையின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கூடை குட்டையாக இருந்தால், குவளையை முழுக்க நிரப்பாத நாளில் இலை நீரைத் தொடாது. வாய் அகலம் 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வலைக் கூடையில் மெல்லிய கம்பிகளுக்கு இடையே துகள்கள் சிக்கிக்கொள்ளும். தகட்டில் நுண்துளை இட்ட கூடை கழுவச் சுலபம், ஆனால் துளை பெரிதாக இருந்தால் தூள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் விளிம்புள்ளதைத் தவிர்க்கலாம், வாடை பிடித்துக்கொள்ளும். 250 மில்லிலிட்டர் நீருக்கு 2.5 முதல் 3 கிராம் இலை, 3 முதல் 4 நிமிடம், பிறகு கூடையைத் தூக்கி மூடியின் மேல் வைத்துவிட வேண்டும். கறுப்புத் தேயிலைக்கும் ஊலாங்குக்கும் இது சரியான தொடக்கம். கிரீன் டீக்கு 70 முதல் 80 டிகிரி நீரும் 2 நிமிடமும் போதும்.

தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கவும் ஒரு சர்வதேச முறை உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்ற அந்த விதி 1980-இல் முதலில் வெளியானது. 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் இலை, மெருகிட்ட வெள்ளைப் பாத்திரம், கொதிநீர், 6 நிமிடம் என்று அது சொல்கிறது. இலையின் குறைகளை ஒளிக்காமல் வெளிப்படுத்துவதும், ஒன்றோடொன்று ஒப்பிட முடிவதும் அதன் நோக்கம். ருசித்துக் குடிப்பதற்கான அளவாக அதை வீட்டில் பின்பற்றினால் பெரும்பாலான தேயிலை கடுமையாகவே இருக்கும். ஆனால் அதிலுள்ள ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும்: மெருகிட்ட வெள்ளைப் பீங்கான் தன் பங்குக்கு எந்த வாடையும் சேர்க்காது, நிறத்தையும் மறைக்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிட நேர்மையான பாத்திரம் இல்லை.

பாத்திரம் குடிக்கும் சூடு

95 டிகிரி நீரை ஊற்றினால் இலை 95 டிகிரியில் ஊறுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 300 கிராம் எடையுள்ள பீங்கான் பாத்திரம் 25 டிகிரியில் இருக்கிறது, அதில் 300 மில்லிலிட்டர் நீர் ஊற்றுகிறோம் என்று கொள்வோம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும், பீங்கானுக்கு ஏறத்தாழ 0.85 ஜூல். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து நிற்கும்போது வெப்பமானி 83 டிகிரி காட்டும். காற்றில் போகும் சூட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதே கொள்ளளவுக்குப் பாத்திரம் 500 கிராம் கனமாக இருந்தால் 77 டிகிரிக்கு இறங்கிவிடும். கறுப்புத் தேயிலை சப்பென்று இருக்கிறது என்ற புகாருக்குப் பல நேரங்களில் விடை இதுதான். தடித்த பாத்திரம் சூட்டைக் காக்கும் என்பது, அதற்கு முன்பே சூட்டைக் கொடுத்து வைத்தால்தான் உண்மை. கொதிநீரை ஊற்றி அரை நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, பிறகு இலையைப் போடுங்கள். கிரீன் டீக்கு இந்த வேலை தேவையில்லை. அங்கே சற்றுச் சூடு குறைவது நன்மையே.

வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த நீரை ஒரு குளிர்ந்த பாத்திரத்துக்கு மாற்றினாலே ஏறத்தாழ 10 டிகிரி குறையும், இன்னொன்றுக்கு மாற்றினால் மேலும் குறையும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் கொதிநிலையே சுமார் 1 டிகிரி இறங்கிவிடும் என்பதையும் மலையில் வசிப்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

கைவான்: மூன்று துண்டுப் பீங்கான்

கொஞ்சம் பழக நேரம் தருபவர்களுக்கு, குவளையைவிட நல்ல ஆசிரியர் சீனத்துக் கைவான். தட்டு, கிண்ணம், மூடி, அவ்வளவுதான். வடிகட்டி கிடையாது. மூடியைச் சற்றே சாய்த்து, கிண்ணத்துக்கும் அதற்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் இடுக்கு விட்டால் அதுவே வடிகட்டி. பெரிய இலைக்கு இடுக்கை அகலமாக்கலாம், உடைந்த இலைக்குக் குறுக்கலாம். எந்தப் பாத்திரத்திலும் இவ்வளவு வேகமாக இலையையும் நீரையும் பிரிக்க முடியாது. சில நொடிகளில் முழுவதும் வடிந்துவிடும். நொடிக் கணக்கில் ஊறவைக்கும் முறை இதனால்தான் சாத்தியமாகிறது.

வாங்கும்போது 100 முதல் 120 மில்லிலிட்டர் அளவைத் தேர்ந்தெடுங்கள். 150-க்கு மேல் போனால் கனமும் சூடும் கையை வருத்தும். விளிம்பு வெளிப்பக்கம் நன்றாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் விளிம்புக்குக் கீழேயே நிற்பதால் விரிந்த பகுதி அவ்வளவாகச் சூடேறாது, விரல் வைக்கும் இடம் அதுதான். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பின் இருபுறம், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழ்மேல். கை சுடுகிறது என்பவர்கள் பெரும்பாலும் விளிம்புவரை நீர் நிரப்பியவர்கள், அல்லது தயங்கித் தயங்கி ஊற்றுபவர்கள். மெதுவாகச் சாய்த்தால் ஆவி விரலில் படும். கிண்ணத்தை ஏறக்குறையச் செங்குத்தாகச் சாய்த்து ஒரே மூச்சில் வடிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நாலைந்து முறை பழகிவிட்டு வெந்நீருக்கு வாருங்கள்.

உருட்டிய ஊலாங் என்றால் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம், 95 டிகிரி. முதல் ஊறல் 20 நொடி. இரண்டாவது 15 நொடி போதும், ஏனென்றால் இலை இப்போது விரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 நொடி கூட்டிக்கொண்டே போனால் ஆறேழு தடவை நன்றாகச் சாறு இறங்கும். கைவானிலிருந்து நேராகப் பல கோப்பைகளில் ஊற்றினால் கடைசிக் கோப்பை கடுமையாக இருக்கும். முதலில் ஒரு சிறு ஜாடியில் மொத்தமாக வடித்துவிட்டுப் பங்கிடுவது இதற்காகத்தான். தனிச் சாமான் வேண்டியதில்லை, வெந்நீர் தாங்கும் எந்த ஜாடியும் ஆகும்.

மூக்கும் மூடியும்

டீபாட் வாங்குவதென்றால் கடையிலேயே நீர் ஊற்றிப் பார்க்கக் கேளுங்கள். மூக்கின் நுனி பாத்திரத்தின் வாய்க்குச் சமமாகவோ சற்று உயரமாகவோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முழுதாக நிரப்பும் முன்பே மூக்கு வழியாக வழிந்துவிடும். மூடியில் காற்றுத் துளை உண்டா? நீர் வெளியேறும் இடத்துக்குக் காற்று உள்ளே வந்தால்தான் தாரை ஒழுங்காக விழும். அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு சாயுங்கள். தாரை நின்றுவிட்டால் மூடி நன்றாகப் பொருந்துகிறது என்று பொருள். மூக்கின் அடியில் ஒரே ஒரு துளை இருந்தால் ஒரு பெரிய இலை போதும் அடைத்துக்கொள்ள. பல துளைகளோ, உட்புறம் குவிந்த வடிகட்டியோ இருப்பது நல்லது. ஜப்பானிய சென்சா போன்ற, ஆவியில் வேகவைத்த கிரீன் டீயில் நுண்ணிய துகள்கள் அதிகம். ஆகவே அதற்கென்று செய்யப்படும் க்யூசு என்ற பக்கவாட்டுப் பிடிப் பாத்திரங்களில் வடிகட்டி மிக நுண்மையாக இருக்கும். அய்ச்சி மாகாணத்து டோகோனாமே ஊர் இவற்றுக்குப் பேர்போனது.

ஊற்றி நிமிர்த்தும்போது மூக்கின் அடியில் நீர் ஒட்டி வழிந்து மேசையை நனைப்பதை இயற்பியலாளர்கள் ‘டீபாட் விளைவு’ என்கிறார்கள். 1956-இல் மார்கஸ் ரெய்னர் இதைப் பற்றி எழுதினார், அடுத்த ஆண்டே ஜோசப் கெல்லர் அழுத்த வேறுபாட்டைக் கொண்டு விளக்கம் தந்தார். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்ட் ஷைக்ல் குழுவினர் 2021-இல் இன்னும் முழுமையான கோட்பாட்டை வெளியிட்டார்கள். தாரையின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போது, மூக்கின் உதட்டடியில் தங்கும் ஈரம் தாரையை வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் குறிப்பு தெளிவானது: உதடு மெல்லியதாக, கூர்மையாக வெட்டுண்டிருக்க வேண்டும். உருண்டு தடித்த உதடு வழியவிடும். ஊற்றுபவர் தயங்காமல் ஊற்றி, சட்டென்று நிமிர்த்த வேண்டும்.

எந்தப் பொருள்?

கண்ணாடியில் போரோசிலிகேட் என்று குறித்திருப்பதையே வாங்குங்கள். ஒரு மீட்டர் நீளத்தை ஒரு டிகிரி சூடாக்கினால் அது 3.3 மைக்ரோமீட்டர் விரியும், சாதாரணக் கண்ணாடி 9 மைக்ரோமீட்டர் அளவுக்கு. வெந்நீர் பட்டதும் உட்சுவர் விரிய, வெளிச்சுவர் விரியாமல் இழுத்துப் பிடிப்பதால்தான் கண்ணாடி விரிசல் விடுகிறது. தடித்த சாதாரணக் கண்ணாடி உறுதியானது என்ற எண்ணம் இங்கே எதிராக முடியும். இலை விரிவதைப் பார்த்து நேரம் கணிக்கப் பழக, கண்ணாடி மிக நல்லது.

சீனத்தின் ஜியாங்சு மாகாணத்து யிசிங் களிமண் பாத்திரங்கள் ஆசையைத் தூண்டுபவை, வரலாறும் உடையவை. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1391-இல் அழுத்திய தேயிலைக் கட்டிகளைக் காணிக்கையாகப் பெறுவதை நிறுத்தினார். இலையாகவே ஊறவைக்கும் வழக்கம் பரவ, சிறு டீபாட்டுக்குத் தேவை வந்தது. ஆனாலும் இது முதல் பாத்திரம் அல்ல. மெருகில்லாத, நுண்துளையுள்ள அந்த மண் மணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், ஒரு பாத்திரத்தை ஒரே வகைத் தேயிலைக்கென்று ஒதுக்க வேண்டும். தொடக்கத்தில் பத்து வகையைச் சுவைத்துப் பார்க்கப் போகிறவருக்கு அது பொருந்தாது.

இரும்பு டீபாட்டின் உட்புறத்தில் எனாமல் பூச்சு இருக்கும். அடுப்பில் வைத்தால் பூச்சு வெடிக்கும். வெடித்த இடத்தில் இரும்பும் தேயிலையின் பாலிஃபீனாலும் (கேட்டெச்சின் இந்த வகைதான்) சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும், உலோக வாடையும் வரும். காபித்தூளை வலைத்தட்டால் அடியில் அமுக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் இன்னொரு சிக்கல்: அமுக்கிய பிறகும் இலை நீருக்கு அடியிலேயே இருக்கிறது. உடனே முழுவதையும் ஊற்றிவிட்டால் மட்டும் அதில் போடலாம்.

பாத்திரத்துக்கு அடுத்து வாங்க வேண்டியது 0.1 கிராம் காட்டும் சிறு எலெக்ட்ரானிக் தராசு. ஒரு கரண்டி உருட்டிய ஊலாங்கும் ஒரு கரண்டி ஒயிட் டீயும் எடையில் பல மடங்கு வேறுபடும், கரண்டி அளவை நம்ப முடியாது. கசந்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள், பிறகு சூட்டை. சப்பென்று இருந்தால் முதலில் இலையின் எடையைச் சரிபாருங்கள், பிறகு பாத்திரத்தை முன்கூட்டிச் சூடாக்கினீர்களா என்று. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

உட்புறத்தில் படியும் பழுப்புக் கறை, பாலிஃபீனால்கள் காற்றில் மாறி, கடினநீரின் கால்சியத்தோடு சேர்ந்து படிவது. பீங்கானிலும் கண்ணாடியிலும் ஈர ஸ்பாஞ்சில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்தால் போய்விடும். கெட்டிலின் வெள்ளைப் படிவத்துக்கு சிட்ரிக் அமிலம். மெருகில்லாத களிமண்ணில் சோப்பு படவே கூடாது. வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே எடுத்துவிட்டு, முழுதாக உலர்ந்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை வாடை ஏறிவிடும், அது எளிதில் போகாது.