புரையேறினால் யாரோ நினைக்கிறார்களாம்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சாப்பாட்டு மேசையில், நான் பார்க்கப் போன நோயாளிக்கு (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) புரையேறியது. அவருடைய அம்மா எழுந்து வந்து உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்றார். சின்ன வயதிலிருந்து கேட்டது, எனக்கும் அதுதான் வாயில் வந்தது. ஆனால் நான் போனதே அந்த இருமலைப் பார்க்கத்தான். ஒரே வேளையில் ஐந்தாவது முறை.

நான் பேச்சு சிகிச்சையாளர். என் வேலையில் பாதிக்கு மேல் விழுங்குவதைப் பற்றியதுதான். அண்ணனுக்கு ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா, சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் பரம்பரை நோய் (சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நடை தள்ளாடும், நாக்கு குழறும். எம்ஆர்டி ரயிலில் "காலையிலேயே தண்ணியா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதையே விட்டுவிட்டார். தொண்டைத் தசைகளும் அப்படித்தான் தடுமாறும். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சிலருக்கு நாளடைவில் இருமலே வராமல் இறங்கும். "இப்பல்லாம் இருமுறதில்லை, தேவலை" என்று வீட்டில் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வரும்.

சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்றால் பலர் நம்புவதில்லை. ரசம் சாதம் இன்னும் மோசம்: பருக்கையை மெல்வதற்குள் ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். அவருக்குப் பிடித்ததோ அதுதான். சோற்றைக் குழைத்து, ரசத்தில் கெட்டியாக்கும் பொடி கலந்து, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்துக்குக் கொண்டுவந்தோம். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னக் கரண்டியில், டிவியை அணைத்துவிட்டு. பணிப்பெண்ணும் பழகிக்கொண்டார். "கஞ்சி மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது. பதம் ஆளுக்கு ஆள் மாறும். விழுங்குவதைச் சோதித்துப் பார்க்காமல் நீங்களாகப் பொடியை வாங்கிக் கலக்காதீர்கள்.

கிளம்பும்போது அண்ணனின் அம்மா சொன்னார்: "இவங்க அப்பாவும் சாப்பிடும்போது இப்படித்தான் இருமுவார். நெஞ்சுச் சளியிலதான் போனார்."

லிஃப்ட் வரை வந்த அண்ணனின் மகள், "அப்ப எனக்கும் வருமா அக்கா?" என்றாள். அப்பாவுக்கு இருக்கும் வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றேன். மரபணுச் சோதனை உண்டு; செய்வதும் செய்யாததும் அவள் முடிவு. முதலில் மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னேன். சோதனை முடிவைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு 2021 அக்டோபரிலிருந்து இங்கே கட்டுப்பாடு உண்டு, அதன் வரம்பையும் கேட்டுக்கொள் என்றேன்.

"அடுத்த வாரம் பரீட்சை. முடிச்சிட்டுப் பார்க்கிறேன்."

சரி என்றேன்.