பணியாளர் பயிற்சித் தளம்: டெமோவைப் பார்த்து மென்பொருள் வாங்காதீர்கள்

கஞ்சிக்கோடு, வாளையார், சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தும், இந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவை ஆலைகளிலிருந்தும் என்னிடம் வருகிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சார், நம்ம ஸ்டாஃப் டிரெய்னிங்குக்கு ஒரு சைட் போடணும், எந்த சாஃப்ட்வேர் நல்லது?" இதற்கு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிற ஆலோசகரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் ஆட்கள் எதில் படிப்பார்கள், எப்படி உள்ளே வருவார்கள் என்று அவர் இன்னும் கேட்கவே இல்லையே.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆட்கள் படித்துத் தெரிந்துகொண்டால் போதுமா, இல்லை இன்னார் இந்தத் தேதியில் படித்து முடித்தார் என்று காட்டவும் வேண்டுமா? மிஷினை எப்படி நிறுத்துவது, லீவு எப்படிப் போடுவது மாதிரியான குறிப்புகள் மட்டும்தான் என்றால் கற்றல் மேலாண்மை மென்பொருள், அதாவது எல்எம்எஸ், தேவையே இல்லை. டோக்குவிக்கி என்கிற விக்கி மென்பொருள் போதும், டேட்டாபேஸ்கூடக் கேட்காது, எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைத்துக்கொள்ளும். கூகுள் சைட்ஸ் இன்னும் சுலபம். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்த வேண்டியது முதலாளியின் கடமை. அதையோ பாதுகாப்புப் பயிற்சியையோ தளத்தில் நடத்தினால், நாளைக்கு யாராவது கேட்கும்போது பதிவை எடுத்துக் காட்ட வேண்டும். அங்கேதான் எல்எம்எஸ்ஸுக்கு வேலை.

சரி, எல்எம்எஸ்தான் என்று முடிவாகிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே நுழைகிற வாசலை. பெரும்பாலான மென்பொருள்கள் ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. தறி ஓட்டுகிறவருக்கு மின்னஞ்சல் இருக்காது, இருந்தாலும் போன் வாங்கிய நாளில் கடைப் பையன் போட்டுக்கொடுத்தது, பாஸ்வேர்டு அந்தப் பையனுக்கே இப்போது ஞாபகம் இருக்காது. மூடில் என்கிற இலவச எல்எம்எஸ்ஸில் பணியாளர் எண்ணையே பயனர் பெயராக வைக்கலாம், ஆனால் பாஸ்வேர்டு மறந்தால் மாற்றுவதற்கான இணைப்பு வழக்கமாக மின்னஞ்சலுக்குத்தான் போகும். சூப்பர்வைசர் கையில் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவைக்காவிட்டால் எச்ஆருக்கு நாள் முழுக்க இதே வேலையாகிவிடும். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி கம்பெனி, அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் டிஎல்டி என்கிற, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்துகிற பதிவுத் தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். விற்க வருகிறவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் மொழி. எல்லைப் பகுதியில் இதுதான் பெரிய விஷயம், கோவைக்கு வெளியே இருந்து வருகிற விற்பனையாளர்களுக்குச் சுத்தமாகப் புரியாத விஷயமும் இதுதான். "தமிழ் ஸ்டாஃப் இத்தனை, மலையாளம் இத்தனை" என்று எச்ஆர் ஒரு பட்டியல் தருவார். அது பேசுகிற மொழியின் பட்டியல். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், "பேசறதெல்லாம் தமிழ்தானுங்க, படிக்கிறதுக்கு மலையாளந்தானுங்க வரும்" என்பார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதே வரிசையில் நிற்கிற இன்னொருவர் எல்லையில் இருக்கிற கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படித்தவர், அவருக்கு மலையாளம் கேட்டால் நன்றாகப் புரியும், எழுத்து தெரியாது. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஆகவே சேர்க்கைப் படிவத்தில் 'எந்த எழுத்தில் சரளமாகப் படிப்பீர்கள்' என்று ஒரு கட்டம் போடுங்கள். எழுத்தே தடுமாறுகிறவர்களுக்குக் குரல் பதிவோ சின்ன வீடியோவோ கொடுங்கள். கேள்விகளையும் ஒலியாகவே கேட்க முடிகிற மென்பொருளாகப் பாருங்கள்.

"எங்கள் மென்பொருள் தமிழில் இருக்கிறது" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொத்தான்களைத்தான். மூடிலுக்குத் தமிழ், மலையாளம் இரண்டுக்கும் மொழித் தொகுப்பு உண்டு, தமிழ்த் தொகுப்பு முழுமையாக இல்லாததால் ஆங்கிலம் நடுநடுவே எட்டிப் பார்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முக்கியம், ஒரே பாடத்துக்குள் பல மொழிகளை வைக்க முடிகிறதா என்பதுதான். மூடிலில் அதற்கென்றே ஒரு பன்மொழி வடிகட்டி இருக்கிறது; அதை இயக்கிவைத்தால் படிப்பவர் தேர்ந்தெடுத்த மொழி மட்டும் திரையில் வரும், முடித்தவர் பதிவு ஒரே இடத்தில் சேரும். இந்த வசதி இல்லாத மென்பொருளில் மொழிக்கு ஒரு பாடம் போட்டால், ஒரு விதி மாறும்போது மூன்று இடத்தில் திருத்த வேண்டும். மூன்றாவதை யாரும் திருத்த மாட்டார்கள்.

கம்பெனியில் இருக்கிற பழைய தமிழ்க் குறிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை என்றால் தளத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். சான்றிதழை மறக்காமல் சோதியுங்கள். திரையில் அழகாகத் தெரிகிற 'கோமதி' பிடிஎஃப்பில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து வருவது சகஜம்; தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கத் தெரியாத நிரல்கள் இன்னும் நிறைய புழக்கத்தில் இருக்கின்றன.

வெளியே பாடம் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்கார்ம் வடிவில், அதாவது பல எல்எம்எஸ்களிலும் ஓடுகிற பொதுவான பாட வடிவில், ஜிப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள், அப்போதுதான் நாளைக்கு வேறு மென்பொருளுக்கு எடுத்துப் போக முடியும். எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். இன்றும் பரவலாக ஓடுகிற 1.2 பதிப்பு 2001-ல் வந்தது, விட்ட இடத்தை நினைவில் வைக்க அதில் 4096 எழுத்துகளுக்குத்தான் இடம். பாடம் நீளமானால் "திரும்ப முதல்ல இருந்து வருது சார்" என்று ஷிஃப்ட்டில் புகார் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காசு விஷயம் சுருக்கமாக. மூடில் 2002-லிருந்து இலவசம்தான், ஆனால் சர்வர், பேக்கப், புதுப்பிப்பு, நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் தானாக ஓட வேண்டிய கிரான் வேலை, இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் மாதக் கட்டணச் சேவையே மேல், இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கட்டணம் ஆள் கணக்கில் என்றால் வேலையை விட்டுப் போனவருக்கும் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆலைகளில் ஆள் மாறுகிற வேகத்துக்கு அந்த ஒரு வரியில்தான் பில் ஏறும்.

வாங்குவதற்கு முன் சோதனைக் கணக்கு தருவார்கள். அதை ஏசி அறையில் மேனேஜர் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற நாலு பேரிடம் அவரவர் போனிலேயே, தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் இழுபடுகிற இடத்தில் கொடுங்கள். பாடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துப் படிக்க முடிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அவர்கள் முடித்ததும் பதிவுகளைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக, வெளியே எடுங்கள். எடுக்கவே வழியில்லை என்றால் அந்த மென்பொருள் வேண்டாம். எக்செல்லில் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக வந்தால் மட்டும் பயப்படாதீர்கள், கோப்பு கெட்டுப்போகவில்லை. நேராகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.