கொயர், கண்டக்டர்: தமிழில் என்ன சொல்வது?

ஒரு பல்கலைக்கழக அழைப்பிதழில் 'கொயர் கச்சேரி' என்று அச்சடித்துக் கொங்கு நாட்டில் நாலு பேரிடம் கொடுத்தால், ஆளுக்கு ஒன்றை நினைப்பார்கள். பொள்ளாச்சிக்காரருக்குத் தென்னை நார்தான் முதலில் தோன்றும். அங்கே ரோட்டோரப் பலகைகளில் 'காயர்' என்று இருப்பதெல்லாம் நார்த் தொழில். பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கும் வீட்டில் குயர் நோட்டு நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் மட்டும்தான் இது பலர் கூடிப் பாடும் குழு, பாட்டுச் சமாசாரம் என்று உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இந்த மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காயர் நம்முடைய சொல்தான். தமிழில் கயிறு, மலையாளத்தில் கயர். மேற்குக் கடற்கரையில் கப்பலேறிப் போய், ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. குயர் நோட்டின் குயர், நந்நான்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நான்கு தாள்களை மடித்துச் சேர்த்த கட்டுக்கு வைத்த பெயர், பிறகு 24 தாளுக்கும் 25 தாளுக்கும் ஆகிவிட்டது. பாட்டுக் கொயர் மூன்றாவது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஆங்கிலேயர்களே நெடுங்காலம் பாட்டுக் கொயரையும் தாள் குயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில்தான் எழுதினார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டுப் புத்தகத்தில் இன்னும் அந்தப் பழைய எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கிறது. லத்தீன் படித்தவர்கள் பிற்பாடு, 'இது கோரஸ் என்ற சொல்லின் வழி வந்தது, அதுபோலவே எழுத வேண்டும்' என்று எழுத்தை மாற்றினார்கள். உச்சரிப்பை யாரும் மாற்றவில்லை. அதனால்தான் எழுதுவது ஒன்றாகவும் சொல்வது 'குவயர்' என்றும் இருக்கிறது. நாம் அதைக் கொயர் ஆக்கியது பெரிய குற்றமில்லை.

அந்தக் கோரஸ் கிரேக்கத்தில் 'கொரோஸ்'. சினிமாப் பாட்டில் பின்னால் ஹம்மிங் கொடுப்பவர்களை நாம் கோரஸ் என்கிறோம், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னால் 'கோரஸாகச் சொன்னார்கள்' என்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் பாட்டுக்கூட அல்ல, ஆட்டம். கூட்டமாக ஆடிக்கொண்டே பாடுகிறவர்கள்தான் கொரோஸ். ஏதென்ஸ் நகரத்து அவல நாடகங்களில் முதலில் 12 பேர், நாடக ஆசிரியர் சோபோக்ளிஸ் காலத்திலிருந்து 15 பேர், நகைச்சுவை நாடகமென்றால் 24 பேர். அவர்கள் ஆடிப்பாடும் தரைக்கு 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயர். ஆடுகளம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கோயில் நோம்பியில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டுப் பாடும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மூலம் அதுதான்.

ஆடலும் பாடலும் சேர்ந்த இந்தக் கொரோஸுக்கு நேரான சொல் தமிழில் உண்டா என்றால், அச்சு அசலாக உண்டு: குரவை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்கு வைத்து ஆடவிடுகிறாள் ஆயர் குலத்து மாதரி. சேர நாட்டைச் சொல்லும் வஞ்சிக் காண்டமோ குன்றக் குரவையோடு தொடங்குகிறது. அதில் மலைக் குறவர் மகளிர் முருகனையும் வள்ளியையும் பாடி ஆடுகிறார்கள்.

முருகன், வள்ளி, வட்டம் என்றவுடனே கொங்கு வாசகருக்கு வள்ளி கும்மி நினைவுக்கு வந்திருக்கும். சரிதான். வள்ளி திருமணக் கதையை வாத்தியார் அடி அடியாக எடுத்துப் பாட, சுற்றி நிற்பவர்கள் அதைத் திரும்பப் பாடிக்கொண்டே கைதட்டி அடிவைத்து ஆடுவது அது. இன்றைக்கு ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது. சின்னஞ்சிறுசு முதல் தலை நரைத்தவர் வரை ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். கோவை மாவட்டத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு வயது 87. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர் என்று அவரைப் போற்றுகிறார்கள்.

அப்படியானால் கொயருக்குக் குரவை என்றே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கூடாது. வேரில் ஒன்றாக இருந்தது இன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கொயர் ஆட்டத்தை எப்போதோ விட்டுவிட்டது. அது மாதா கோயிலுக்குள் போய், பீடத்துக்கு அருகில் அசையாமல் நின்று பாடப் பழகியது. அந்த இடத்துக்கே கொயர் என்று பெயர் வரும் அளவுக்கு அங்கே வேரூன்றிவிட்டது. இன்னொரு பெரிய வேறுபாடு குரல்களில் இருக்கிறது. கும்மியில் நூறு பேர் பாடினாலும் பாட்டு ஒன்றுதான். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதே மெட்டை வாங்கிப் பாடுவார்கள். கொயரில் ஒரே நேரத்தில் நான்கு மெட்டுகள் ஓடும். பெண்களில் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனார், பேஸ் என்று நான்கு பிரிவு. நான்கும் தனித்தனி வழியில் போய் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தினால் அதற்குப் பெயர் ஒத்திசை.

அந்த நான்கு பெயர்களில் ஆல்டோ வேடிக்கையானது. இத்தாலிய மொழியில் 'உயரமானது' என்று பொருள், ஆனால் பெண் குரல்களில் தாழ்ந்தது அதுதான். ஒரு காலத்தில் மூலப் பாட்டைப் பிடித்து நிறுத்திய குரல் டெனார். பிடிப்பது என்பதே அந்தச் சொல்லின் பொருள். அதற்கு மேலே போனதால் ஆல்டோ உயரமாயிற்று. நம்மிடம் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று இருக்கின்றன. ஆனால் அவை ஒரு குரல் ஏறி இறங்கும் மண்டிலங்கள், ஆள் பிரிவுகள் அல்ல. எனவே நான்கையும் அப்படியே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீரவேண்டும் என்பதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். பாடுகிற ஆட்களுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எப்போதோ ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: பாடகர் குழு, பாடற்குழு. இரண்டும் நல்ல சொற்கள். 'இசைக்குழு' என்றால் தபேலா, கீபோர்டு எல்லாம் சேர்ந்துவிடும், அதனால் வேண்டாம். 'கோஷ்டி கானம்' திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்குப் பொருந்தும். அங்கே எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். மேலும் கோஷ்டி என்ற சொல் அரசியல் கட்சிகளிடம் போய் வெகுவாகக் கெட்டுவிட்டது.

பாடப்படும் இசைக்கு என்னைக் கேட்டால் ஒரே சொல்தான்: சேர்ந்திசை. இது வானொலி கேட்டவர்களுக்குப் பழக்கமானது. இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீனிவாசன் சென்னை இளைஞர்களைத் திரட்டி மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை நடத்தி, பாரதியார் பாடல்களையெல்லாம் பல குரலில் பாடவைத்தார். அந்த வகை இசையை ஊருக்குக் கொண்டுபோன பெயர் சேர்ந்திசை. சேர்ந்து இசைப்பது என்றும் பொருள், இசைந்து சேர்வது என்றும் பொருள். இசை என்ற சொல்லுக்குப் பொருந்து என்ற பொருளும் இருப்பதால் ஒத்திசை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்தது, பாடகர் குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர். வம்பு இங்கேதான். பஸ் கட்டும் ஊரான கரூரை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் கண்டக்டர் என்றால் யார் என்று சொல்லவே வேண்டாம், விசிலும் பையும் கண்முன்னே வந்துவிடும். மூலம் இரண்டுக்கும் ஒன்றுதான். சேர்த்து அழைத்துப் போகிறவர் என்பது லத்தீன் பொருள். நடக்கச் செய்வது நடத்துவது என்பதால் நடத்துநர் என்ற தமிழாக்கத்தில் பிழை எதுவும் இல்லை. 'இசை இயக்குநர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சினிமா இசையமைப்பாளருக்கு ஏற்கெனவே போய்விட்டது.

விவிலியத்தில் இதற்கு இரண்டு அழகான சொற்கள் ஒளிந்திருக்கின்றன. சீர்திருத்தச் சபையார் ஓதும் பழைய வேதாகமத்தில் பல சங்கீதங்களின் தலைப்பில் 'இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட' என்று வரும். அதையே 1995-இல் வந்த திருவிவிலியம் 'பாடகர் தலைவர்க்கு' என்கிறது. இரண்டாவது இன்றைய மேடைக்கும் பொருந்தும். எனக்கு ஒரே ஒரு குறை: தலைவர் என்றவுடன் சங்கத் தலைவர், மன்றத் தலைவர் வரிசையில் போய், மாலை வாங்கிக்கொள்கிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் கண்டக்டர் மேடையில் கையசைப்பது அவருடைய வேலையில் கடைசி ஒரு மணி நேரம்தான். வலக்கை தாளத்தைக் காட்டும். இடக்கை இந்தப் பிரிவு இப்போது நுழை, நீ குரலைக் குறை என்று சொல்லும். பெரும்பாலான கொயர் கண்டக்டர்கள் கோல்கூட வைத்துக்கொள்வதில்லை, விரலே போதும். சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் நாற்பது வாயும் ஒரே நொடியில் மூட வேண்டும், அதை ஒரு விரல் மடிப்பில் காட்டிவிடுவார். ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் வாங்காத நேரமாகப் பார்த்து வாங்கு என்று பழக்கியிருப்பார். இதெல்லாம் மேடையில் வருவதில்லை, மாதக்கணக்கில் ஒத்திகை அறையில் வருவது.

பல்கலைக்கழகக் குழுவில் இது இன்னும் கடினம். மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போய்விடுவார்கள். நன்றாகத் தேறிய டெனார் ஒருவன் ஜூனில் இருக்கமாட்டான். குழுவின் குரல் என்று ஒன்று நிலைப்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் காதில்தான். அமெரிக்காவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரிக் கொயரை 1912-இல் தொடங்கிய மெலியஸ் கிறிஸ்டியன்சன் 30 வருஷத்துக்கு மேல் அதை நடத்தினார். அத்தனை காலமும் மாணவர்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அதனால் என் ஓட்டு 'சேர்ந்திசை ஆசிரியர்' என்பதற்கு. இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல வரவில்லை. கிரேக்கர்கள் கொரோஸைப் பழக்கியவரை 'கொரோடிடாஸ்கலோஸ்' என்றார்கள், டிடாஸ்கலோஸ் என்றால் ஆசிரியர். நம் சர்ச்சுகளில் அவர் கொயர் மாஸ்டர். கும்மி ஆடுகிற கொங்கு ஊர்களில் அவர் வாத்தியார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் பாட்டுக்கு உரியவன் இசையாசிரியன்தான்.

அழைப்பிதழில் இப்படிப் போடலாம்: நிகழ்ச்சி: சேர்ந்திசைக் கச்சேரி; பாடுவோர்: பல்கலைக்கழகப் பாடகர் குழு; சேர்ந்திசை ஆசிரியர்: இன்னார். இல்லை, நடத்துநர் என்றுதான் போடுவோம் என்றால் தாராளமாகப் போடுங்கள். 'நடத்துனர்' என்று னகரம் போட்டுவிடாதீர்கள், ஓட்டுநர், இயக்குநர் போல இதற்கும் நகரம்தான். முன்னால் 'சேர்ந்திசை' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் யாராவது சில்லறை கேட்பார்கள்.