கௌபோய் படத்துக்குத் தமிழ் என்ன?

திருகோணமலையில் எங்கள் வீட்டில், குதிரையும் துப்பாக்கியுமாய் வரும் அமெரிக்கப் படங்களைக் குறிக்கும் 'வெஸ்டர்ன்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தியதில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த அம்மப்பாவுக்கு அது 'கௌபோய் படம்', குதிரையும் தொப்பியும் இல்லாவிட்டாலும் கௌபோய் படம்தான். தமிழ்நாட்டில் 'கௌபாய்' என்று எழுதுவதை நாம் 'போய்' என்று எழுதுகிறோம். 'மேற்கத்தியத் திரைப்படம்' என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்பதில்லை. தமிழில் 'மேற்கத்திய' என்றதும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்தே நினைவுக்கு வருவதால், பாரிசில் நடக்கும் காதல் கதையும் அதற்குள் அடங்கிவிடும். இங்கே குறிக்கப்படும் மேற்கு, அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் கிடந்த நிலம். காலம் பெரும்பாலும் 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததற்குப் பிந்திய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

'கௌபோய்' என்பது பசுவையும் பையனையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது மாடு மேய்க்கும் சிறுவனையே குறித்தது. அமெரிக்க விடுதலைப் போரின்போது நியூயோர்க்கை அடுத்த பகுதிகளில் மன்னர் பக்கம் நின்று ஊரார் மாடுகளைக் கவர்ந்த கூட்டத்தாருக்கும் அதே பெயர் வழங்கிற்று. 1867 முதல் டெக்சாஸிலிருந்து கான்சாஸின் அபிலீன் ரயில் நிலையத்துக்கு மந்தைகளை ஓட்டிச் சென்ற கூலியாட்கள் அப்பெயரைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களின் தொழிலறிவு பெரிதும் மெக்சிகோவின் 'வக்கேரோ'க்களிடமிருந்து வந்தது. அச்சொல்லும் பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்ததே. ஆனால் 1881இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் ஒருவரை 'கௌபோய்' என்றால் மாட்டுத் திருடன் என்று பொருள். காப்பவனுக்கும் கவர்பவனுக்கும் ஒரே பெயர்!

இந்த இரட்டைப் பொருளை அப்படியே தாங்கும் சொல் நம்மிடம் உண்டு. போரையும் பொதுவாழ்வையும் பாடுவதற்குத் தொல்காப்பியம் வகுத்த புறத்திணைகளில் முதலாவதான வெட்சி, வேந்தன் அனுப்பிய வீரர் வேற்றுப்புலத்து ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, களவிற் கவர்ந்து வந்து காப்பதைச் சொல்வது. 'களவின் ஆதந்து ஓம்பல்' என்பது நூற்பாவின் தொடர். களவும் ஓம்பலும் அடுத்தடுத்து நிற்கும் அந்தத் தொடரை வாசிக்கும்போதெல்லாம், சட்டம் இன்னும் வந்து சேராத ஊரில் துப்பாக்கி எடுப்பது அறமா குற்றமா என்று தடுமாறும் கதைகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன. நிரையை மீட்பதைக் கரந்தை என்று தனித் திணையாக்கியது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியர் அதையும் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். ஆகவே 'வெட்சிப் படம்' என்று சொல்லலாம் என்பது என் துணிபு. எல்லாக் கதையிலும் மாடு இல்லையே என்பார்கள். கௌபோய் படம் எல்லாவற்றிலும்தான் மாடு எங்கே இருக்கிறது?

இவ்வகைப் படங்களின் நடிப்பைப் பேசுவதற்கும் பழைய சொல்லே உதவுகிறது. 'நடிப்பு' என்பதில் பொய்யின் வாடை கொஞ்சம் உண்டு ('நடிக்காதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோம்), 'மெய்ப்பாடு' என்பதிலோ உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவதே பொருள். 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' படத்தில், தன்னைக் கொல்ல வருபவன் நண்பகல் ரயிலில் இறங்குவான் என்று அறிந்த மார்ஷல் (ஊரின் காவல் அதிகாரி), தேவாலயத்திலும் மதுச்சாலையிலும் துணை கேட்டு ஒருவரும் வராத நிலையில், மேசை முன் அமர்ந்து தன் மரணசாசனத்தை எழுதுகிறார். எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான அச்சம் அந்த முகத்தில் தெளிவாகத் தெரிகிறது. பெருமிதத்துக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்த தறுகண்ணும் (அஞ்சாமை) அதே முகத்தில் இருக்கிறது. மார்ஷலாக நடித்த கரி கூப்பர் இரண்டில் ஒன்றை மறைத்திருந்தால் அது வெறும் வீரக் கதையாகிப்போயிருக்கும். கடைசியில் அவர் நட்சத்திரச் சின்னத்தைக் கழற்றி மண்ணில் எறிகிறபோது ஊராரை ஒரு சொல்லும் திட்டுவதில்லை.

போர் நாடகங்களுக்குப் 'போர்ப் படம்' என்பதே போதும். ஆனால் வெற்றியைக் கொண்டாடாமல் மனச்சான்றைக் கிளறுபவற்றுக்கு, நிலையாமை பேசும் காஞ்சித் திணையின் பெயரைக் கொடுக்கலாம். நம் இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' அத்தகையது. கைதியாக இருந்து எதிரிக்குக் கட்டிக்கொடுத்த பாலத்தையே காக்க முனைந்த கேணல் தன் பிழையை உணரும் கணத்தில், அவராக நடித்த அலெக் கின்னஸின் கண்கள் வாயை முந்திவிடுகின்றன.

வெட்சிப் படங்களில் அடிக்கடி வரும் இன்னொரு காட்சி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்றின் தொடையில் உரிமையாளரின் அடையாளத்தைப் பதிப்பது. படத்தின் அடியில் ஓடும் தமிழ் வசனவரி ஒன்றில் இதை 'முத்திரையிடுதல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தம்பலகாமத்து மாட்டுப் பட்டிக்காரர் யாரிடம் கேட்டாலும் 'குறிசுடுறது' என்று சொல்லியிருப்பார்.