ஐஸ் ஹாக்கி ப்ளேஆஃப்: நூற்றுக்கு எத்தனை என்று சொல்லாத கணிப்பை நம்பாதீர்கள்

2023 ஏப்ரல் 30 இரவு, பாஸ்டன் நகரம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பைக்காக சீசன் முடிந்ததும் நடக்கும் ப்ளேஆஃப், அதில் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் ப்ரூயின்ஸ் 3-2 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் ஒரு நிமிடத்தைத் தள்ளிவிட்டால் அடுத்த சுற்று. அந்த சீசனின் 82 ஆட்டங்களில் 65 வெற்றி, 135 புள்ளி, என்.எச்.எல். வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. எதிரே ஃப்ளோரிடா பாந்தர்ஸ், 92 புள்ளியோடு கிழக்குப் பிரிவின் கடைசி ப்ளேஆஃப் இடத்தைப் பிடித்து உள்ளே வந்த அணி. அந்தக் கடைசி நிமிடத்தில் பிராண்டன் மோன்டூர் சமன் செய்தார். ஓவர்டைமில் கார்ட்டர் வெர்ஹேகி ஒரு ஷாட்டில் கதையை முடித்தார்.

"பாஸ்டன்தான், சந்தேகமே வேண்டாம்" என்று எழுதியவர்கள் தவறு செய்தார்கள். "பாஸ்டனுக்கு 80 சதவீதம்" என்று எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. 80 என்றால் ஐந்தில் ஒரு தடவை நடக்காது என்றும் அதே எண் சொல்கிறது. ப்ளேஆஃப் கணிப்பைப் படிக்கிறவர்களுக்கும் அதை நம்பிக் காசு வைக்கிறவர்களுக்கும் முதலில் புரிய வேண்டியது இந்த வித்தியாசம்.

ஏழு ஆட்டத் தொடர் என்பதால் நல்ல அணிதான் ஜெயிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்புள்ள அணி, முதலில் நான்கு வெற்றி எடுக்கும் தொடரை ஜெயிக்க 61 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. 60 என்றால் தொடரில் 71. ஓர் ஆட்டத்துக்கு 65 என்றால்தான் தொடரில் 80 வருகிறது. ப்ளேஆஃபுக்கு வந்த பதினாறு அணிகளில் ஒன்று இன்னொன்றைவிட அவ்வளவு உசத்தியாக இருப்பது அபூர்வம். முதல் சுற்றில் எட்டுத் தொடர்கள். எட்டிலும் தொடரை ஜெயிக்கப் பலமான அணிக்கு 65 சதவீதம் என்று வைத்தால்கூட, மூன்று தொடரில் பலமான அணி தோற்பதுதான் சராசரி. ஒவ்வொரு ஏப்ரலிலும் "அதிர்ச்சித் தோல்வி" என்று தலைப்பு வருவது இதனால்தான்.

2019-ல் இது உச்சத்துக்குப் போனது. 62 வெற்றி, 128 புள்ளியோடு வந்த டம்பா பே லைட்னிங், முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னால் இருந்து 4-3 என்று தோற்று, கடைசியில் கொலம்பஸ் ப்ளூ ஜாக்கெட்ஸிடம் 4-0 என்று தொடரையே பறிகொடுத்தது. அந்த வருடம் நான்கு டிவிஷன்களிலும் முதலிடம் பிடித்த நான்கு அணிகளும் முதல் சுற்றோடு வெளியேறின. கோப்பை எடுத்தது செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். ஜனவரி மாதத் தொடக்கத்தில் மொத்த லீகிலும் கடைசி இடத்தில் கிடந்த அணி. லீகில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு 1986 முதல் பிரசிடெண்ட்ஸ் டிராஃபி கொடுக்கிறார்கள். 2025 வரை அதை வாங்கிய அணி அதே வருடம் கோப்பையும் வாங்கியது எட்டே தடவை. கடைசியாக 2013-ல் சிகாகோ.

புள்ளிப் பட்டியல் எங்கே ஏமாற்றுகிறது

கணிப்பில் முதல் ஓட்டை புள்ளிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது. சீசன் ஆட்டம் சமனில் முடிந்தால் மூன்று பேருக்கு மூன்று பேர் வைத்து ஐந்து நிமிட ஓவர்டைம், அதற்குப் பிறகு ஷூட்அவுட், அதாவது ஒவ்வொரு வீரராக வந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிப்பது. அங்கே தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. ப்ளேஆஃபில் ஷூட்அவுட் கிடையாது. ஐந்துக்கு ஐந்து வைத்து, கோல் விழும் வரை 20 நிமிடம் 20 நிமிடமாக ஆட்டம் நீளும். ஷூட்அவுட்டில் ஏழெட்டு ஆட்டம் ஜெயித்துப் புள்ளி சேர்த்த அணியின் அந்தத் திறமைக்கு ப்ளேஆஃபில் வேலையே இல்லை. எனவே புள்ளியை ஒதுக்கிவிட்டு, 60 நிமிடத்துக்குள் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். லீகே 2019-20 சீசனிலிருந்து புள்ளி சமமானால் முதலில் அதைத்தான் பார்க்கிறது.

அடுத்து கோல் வித்தியாசம். இதில் இரண்டு வகைக் கோலைக் கழித்துவிட வேண்டும். ஒன்று, ஷூட்அவுட் வெற்றிக்காக ஸ்கோரில் சேர்க்கப்படும் அந்த ஒரு கோல். இன்னொன்று, தோற்கும் அணி கடைசி நேரத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆடும்போது காலி வலையில் விழும் கோல். இவை பலத்தைக் காட்டுவதில்லை, எண்ணைத்தான் ஊதிக் காட்டும்.

கழித்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே செய்யக்கூடிய கணக்கு இது. முதல் அணி 270 கோல் போட்டு 230 வாங்கியிருக்கிறது என்று வைப்போம். போட்டதன் வர்க்கம் 72,900. வாங்கியதன் வர்க்கம் 52,900. முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 58 சதவீதம். இதுதான் சராசரி அணியோடு மோதினால் அந்த அணியின் பலம். இரண்டாவது அணி 255 போட்டு 245 வாங்கியது. அதே கணக்கில் 52. இப்போது இரண்டையும் மோத விடுங்கள். 58-ஐ எதிரணி தோற்கும் 48-ஆல் (100-இல் 52 போக மீதி) பெருக்கினால் 2,784. அதேபோல் 52-ஐ 42-ஆல் (100-இல் 58 போக மீதி) பெருக்கினால் 2,184. முதல் எண்ணைக் கூட்டுத்தொகையான 4,968-ஆல் வகுத்தால் 56. ஆக, பொது மைதானத்தில் ஓர் ஆட்டத்தை முதல் அணி ஜெயிக்க 56 சதவீதம்.

சொந்த மைதானத்தில் ஆடும் அணி நூற்றுக்கு 54, 55 ஆட்டம் ஜெயிப்பது இந்த லீகின் வழக்கம். அதனால் வீட்டில் 60, வெளியில் 52 என்று மாற்றிக்கொள்ளலாம். தொடர் இரண்டு வீட்டில், இரண்டு வெளியில், பிறகு ஒன்று மாற்றி ஒன்று என்று போகும். எக்செலில் ரேண்டம் எண் போட்டு 10,000 தடவை இந்தத் தொடரை ஆட விட்டால் முதல் அணிக்கு 64-க்குப் பக்கத்தில் வரும். ஏழாவது ஆட்டம் எதிரணியின் ஊரில் என்று மாற்றிப் போட்டால் 62. "ஹோம் ஐஸ்" பற்றி டிவியில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஒரு தொடரில் அதன் விலை இரண்டு சதவீதம்தான்.

கோல்கீப்பர்

கணிப்பு பெரும்பாலும் உடைவது இங்கேதான். ஆட்டத்துக்கு 30 ஷாட், ஏழு ஆட்டத்தில் 210 ஷாட். ஆயிரத்துக்கு 910 தடுக்கும் கோல்கீப்பர் அந்த 210-ல் சுமார் 19 கோல் விடுவார். 930 தடுப்பவர் 15-க்குச் சற்றுக் குறைவாக விடுவார். வித்தியாசம் நான்கு கோல். நெருக்கமான தொடரைப் புரட்டிப்போட அதுவே போதும். ஆனால் அதே 910 கோல்கீப்பர், திறமையில் எந்த மாற்றமும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 210 ஷாட்டில் நான்கு கோல் கூடவோ குறையவோ விடுவது சர்வ சாதாரணம். "இவர் ஃபார்முக்கு வந்துவிட்டார்" என்பதையும் "பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) இவர் மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது" என்பதையும் ஒரே தொடரை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

2012-ல் மேற்குப் பிரிவின் எட்டாவது இடத்திலிருந்து வந்த லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் கோப்பை எடுத்தபோது ஜொனதன் குவிக் ஆயிரத்துக்கு 946 தடுத்தார். அதை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் கிடையாது. செய்யக்கூடியது இவ்வளவுதான்: கடைசி பத்து ஆட்டத்தை விட்டுவிட்டு இரண்டு மூன்று வருட எண்ணை எடுங்கள், அதையும் லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்து வையுங்கள். அணி அடித்த ஷாட்டில் கோலான சதவீதத்தையும் அதன் கோல்கீப்பரின் தடுப்புச் சதவீதத்தையும் கூட்டினால் பொதுவாக 100-க்குப் பக்கத்தில் நிற்கும். சீசன் முடிவில் 102-க்கு மேல் நிற்கிற அணியைச் சந்தேகத்தோடு பாருங்கள். அது கீழே இறங்கத்தான் அதிக வாய்ப்பு.

காயம் இன்னொரு இருட்டு. ப்ளேஆஃப் வந்துவிட்டால் அணிகள் "மேல் உடம்பில் காயம்", "கீழ் உடம்பில் காயம்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. பாஸ்டன் கேப்டன் பத்ரீஸ் பெர்ஜரான் 2023-ல் சீசனின் கடைசி ஆட்டத்தில் அடிபட்டு, ஃப்ளோரிடாவுக்கு எதிரான முதல் நான்கு ஆட்டத்தில் இல்லை. முதுகில் டிஸ்க் விலகியிருந்தது என்பது அணி வெளியேறிய பிறகுதான் வெளியே வந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. டம்பாவின் நிகிதா குசெரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2020-21 சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ப்ளேஆஃபின் முதல் ஆட்டத்தில் நேராக வந்து இறங்கி, 32 புள்ளியோடு (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எல்லோரையும்விட முன்னால் முடித்தார், கோப்பையும் டம்பாவுக்கே. சீசன் எண்ணை மட்டும் பார்த்த மாடலுக்கு அவர் இருப்பதே தெரியாது. மார்ச்சில் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்த பிறகு ஆடிய ஆட்டங்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பதும் இதே காரணத்துக்காக.

தொடர் தொடங்கிய பிறகு கணிப்பை எப்படி மாற்றுவது? ஓர் ஆட்டத்துக்கு 55 என்று வைத்த அணி முதல் ஆட்டத்தில் தோற்றால் தொடர் வாய்ப்பு 61-லிருந்து 44-க்கு இறங்கும். ஜெயித்தால் 74-க்கு ஏறும். இந்த மாற்றம் ஸ்கோரினால் தானாக வருவது. அதற்கு மேல், "தைரியம் போய்விட்டது" என்று சொல்லி அந்த 55-லேயே கை வைக்காதீர்கள். அது ஒரே தோல்விக்கு இரண்டு தடவை தண்டனை. 0-3 என்று பின்தங்கிய அணி திரும்பி வந்து ஜெயித்தது மொத்த வரலாற்றில் நான்கு தடவைதான்: 1942 டொராண்டோ, 1975 ஐலண்டர்ஸ், 2010 ஃபிலடெல்ஃபியா, 2014 லாஸ் ஏஞ்சலஸ்.

காசு வைக்கும் முன்

கனடாவில் 2021 ஆகஸ்டிலிருந்து தனி ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவது சட்டப்படி செல்லும். ஒன்ராறியோவில் 2022 ஏப்ரலில் தனியார் ஆப்களும் வந்துவிட்டன. டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஆட்டம் பார்க்கிற அதே போனில்தான் பந்தயமும் இருக்கிறது. அந்த ஆப்பில் மோதும் இரண்டு அணிகளுக்கும் 1.67, 2.30 என்று இரண்டு எண் (ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் திரும்பக் கிடைப்பது) தெரிகிறது என்று வைப்போம். 100-ஐ 1.67-ஆல் வகுத்தால் 59.9. 2.30-ஆல் வகுத்தால் 43.5. கூட்டினால் 103.4. நூறுக்கு மேல் நிற்கும் அந்த மூன்று சொச்சம் கம்பெனியின் பங்கு. 59.9-ஐ 103.4-ஆல் வகுத்தால் வரும் 58தான் சந்தையின் உண்மையான கணிப்பு. மூன்று ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டும் "பார்லே"யில் அந்தப் பங்கு ஒன்றோடொன்று பெருகிப் பத்து சதவீதமாகிறது. ஒவ்வொன்றுக்கும் 58 வாய்ப்புள்ள மூன்றும் ஒருசேர நடக்க ஐந்தில் ஒரு வாய்ப்புகூட முழுசாக இல்லை. "உறுதியான டிப்ஸ்" என்று டெலிகிராமில் காசு கேட்பவரிடம் போன வருடக் கணிப்பு அத்தனையையும் தேதியோடு காட்டச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் பந்தயம் கைமீறிப் போகிற வீடுகளுக்கு கனெக்ஸ்ஒன்ராறியோ உதவி மையத்தின் இலவச எண் 1-866-531-2600 எந்த நேரமும் திறந்திருக்கும்.

கணிப்பதே பிடித்த வேலை என்றால், காசு இல்லாமலும் உங்களை நீங்களே சோதிக்கலாம். தொடர் தொடங்கும் முன் எண்ணை எழுதி வையுங்கள். 0.60 என்று எழுதிய அணி ஜெயித்தால் 1-லிருந்து 0.60-ஐக் கழித்து வர்க்கம் எடுங்கள்: 0.16. 0.90 என்று எழுதிய அணி தோற்றால் 0.81. எட்டுத் தொடருக்கும் கூட்டி எட்டால் வகுங்கள். எதுவுமே தெரியாமல் எல்லாவற்றுக்கும் 0.50 என்று எழுதியவருக்கு 0.25 வரும். ஒரு வருடத்தின் எட்டுத் தொடர் போதாது. நான்கைந்து வருடம் எழுதி வைத்துச் சராசரி 0.25-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். 0.23 வந்தாலே நல்ல கணிப்பு.