லாஜிஸ்டிக்ஸ் என்றால் தளவாடம் அல்ல

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் வழியில் சுவருக்குச் சுவர் ஒரு விளம்பரம்: ‘தளவாட மேலாண்மைப் பட்டயப் படிப்பு, உடனடி வேலை’. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை நம்பி ஒட்டியது. அது என்ன வேலை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? கட்டில், பீரோ விற்பதா, பட்டாளத்தில் துப்பாக்கி எண்ணுவதா? சொல்ல வந்தது லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கை வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் சேர்க்கும் வேலை. 2022 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையை வெளியிட்டபோதும் அதைத் ‘தளவாடக் கொள்கை’ என்று எழுதியவர்கள் உண்டு.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் ‘லோஜே’ என்றால் தங்கவைப்பது. படைகளை நடத்திச்சென்று தங்கவைத்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் சேர்க்கும் கலைக்கு ‘லோஜிஸ்டிக்’ என்ற பெயரை 1838இல் வந்த தம் போர்க்கலை நூலில் பரப்பியவர் ஜோமினி என்ற ராணுவ அறிஞர். கணக்கிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இதை இணைப்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு வணிகம் இதை எடுத்துக்கொண்டது.

பிறப்பு ராணுவத்தில் என்பதால்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ராணுவ வாடை அடிக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் போனார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தளவாடம் பொருளின் பெயர். ஆயுதம், கருவி, தட்டுமுட்டுச் சாமான், இவைதான் தளவாடம். லாஜிஸ்டிக்ஸ் ஒரு வேலையின் பெயர். எடுத்துச் செல்லப்படும் பொருளின் பெயரை எடுத்துச் செல்லும் வேலைக்கு வைத்தால் அந்த வேலையைச் செய்கிற ஆள் மறைந்துபோகிறார். எனக்கு ஆத்திரம் இங்கேதான்.

வாளையாறு வழியாகக் கேரளத்துக்குப் போகும் ஒரு ஜவுளி லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, வரிச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்காக நிற்பது ஒழிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வண்டியில் போகும் சரக்குக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்தது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு இப்போது ஆயுள். வழியில் வண்டி படுத்தால் பில்லை நீட்டிக்க ஒருவர் வேண்டும். எல்லை தாண்டினால் இறக்குகூலி முறையே வேறு. அங்கே சுமட்டுத் தொழிலாளர்களுக்கு, அதாவது சுமை தூக்குகிறவர்களுக்கு, தனிச் சட்டமே இருக்கிறது. வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை 2018 மே முதல் தேதியிலிருந்து கேரள அரசு தடை செய்தது. எந்த ஊரில் யார் இறக்குவார்கள், எத்தனை மணிக்குக் குடோன் திறக்கும், திரும்பும்போது காலி வண்டியா, லோடு உண்டா? இதையெல்லாம் யோசித்து முடிப்பதுதான் லாஜிஸ்டிக்ஸ். இதில் தளவாடம் எங்கே இருக்கிறது?

ஆள் பற்றாக்குறைதான் இந்தத் தொழிலின் இன்றைய பெரிய சிக்கல். டிரைவரின் மகன் ஸ்டியரிங் பிடிக்க வருவதில்லை, கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார்கள். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதியே 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த நிலையில் புதிதாக வரும் பிள்ளையிடம் வேலையின் பெயரையாவது புரியும்படி சொல்ல வேண்டாமா?

‘தளவாடப் பூங்கா’ இன்னும் மோசம். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய லாஜிஸ்டிக்ஸ் பார்க் போன்று, சரக்கை இறக்கி, வைத்து, வேறு வண்டிக்கு மாற்றும் இடங்களுக்கு இந்தப் பெயர். தமிழக-கேரள எல்லையிலேயே வேலந்தாவளம் என்ற ஊர் இருக்கிறது. தாவளம் என்றால் தங்குமிடம். மலையாளத்தில் விமான நிலையத்தை இன்றும் விமானத்தாவளம் என்கிறார்கள். பிரெஞ்சு மூலத்துக்கும் அதே பொருள். ‘சரக்குத் தாவளம்’ என்று எழுதினால் என்ன குறை?

சரி, லாஜிஸ்டிக்ஸுக்கு எது? ‘ஏற்பாட்டியல்’ என்கிறார்கள் சிலர். நல்ல தமிழ்தான், ஆனால் கல்யாண ஏற்பாடும் ஏற்பாடுதான், எல்லை இல்லாமல் விரிகிறது. ‘சரக்குப் போக்குவரத்து’ சாலையோடு நின்றுவிடுகிறது; கிடங்கும் பொதிகட்டுதலும் இருப்புக் கணக்கும் அதற்குள் வராது. என் தேர்வு ‘சரக்கு மேலாண்மை’. சரக்கு என்றால் மதுவை நினைப்பார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி: சரக்கு ரயில், சரக்கு மற்றும் சேவை வரி என்று நாள்தோறும் சொல்கிறோமே, அப்போது யாருக்காவது மது நினைவுக்கு வருகிறதா? மலையாளத்திலும் சரக்கு சரக்குதான். எல்லையின் இரண்டு பக்கமும் புரிகிற சொல் அது.

சப்ளை செயினுக்கு எழுதும் ‘விநியோகச் சங்கிலி’யும் பாதிதான் சரி. விநியோகம் என்பது ரேஷன் கடை போலக் கடைசியில் பகிர்ந்து கொடுப்பது. மூலப்பொருள் முதல் வாங்குபவர் கைவரை நீள்வது சப்ளை செயின்; முட்டைக்கு அது கோழித் தீவன மக்காச்சோளத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. ‘வழங்கல் தொடர்’ போதும். லாஜிஸ்டிக்ஸ் அதற்குள் ஒரு பகுதி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதும் தவறு.

இப்போது பலர் கணினி தரும் முதல் சொல்லை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள், திருத்துகிறவர் கண்ணிலும் அது படுவதில்லை. லாரி ஆபீசில் ஒருவரிடம் கேட்டிருந்தாலே போதும். ‘சரக்கு மேலாண்மை’ பிடிக்கவில்லையா? லாஜிஸ்டிக்ஸ் என்றே எழுதுங்கள். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் அது பழகிய சொல்தான்.