ரீஜெனரேஷன்: 'புதுக்கு' என்ற சொல் இருக்கையில்

மாநகராட்சித் திட்டம், கட்டடக்கலை மாணவரின் ஆய்வேடு, சுவரோவியம் எழுதுபவர் கொடுக்கும் வேலைக்குறிப்பு என்று எதை எடுத்தாலும் இப்போது 'அர்பன் ரீஜெனரேஷன்' வந்துவிடுகிறது, அதாவது நலிந்த நகரப் பகுதிக்கு மறுபடி உயிரூட்டுவது. தமிழில் எழுதும்போது மறுஉருவாக்கம், புத்தாக்கம், புனரமைப்பு, சீரமைப்பு என்று ஆளுக்கொரு சொல் போடுகிறோம். இவை ஒரே பொருளைத் தருபவை அல்ல. எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்பத்தான் வேலையும் நடக்கிறது.

மூலம் லத்தீன். 'ரீ' என்றால் மறுபடியும், 'ஜெனெராரே' என்றால் பிறப்பித்தல். உயிரியலில் பல்லிக்கு அறுந்த வால் முளைப்பதை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். நகரத்துக்கு இது பரவலாக வழங்கியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பல்லியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: உடம்பு உயிரோடு இருந்தால்தான் வால் முளைக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 'மறுஉருவாக்கம்' தவறு. உரு அழிந்த பிறகுதானே மறுபடி உருவாக்க முடியும்? 'புத்தாக்கம்' புதுக் கண்டுபிடிப்புகளுக்கென்று நிலைத்துவிட்டது. 'புனரமைப்பு' போருக்கும் புயலுக்கும் பின் கட்டியெழுப்புவதைக் குறிக்கிறது. 'சீரமைப்பு' சாலைப் பள்ளத்தை மூடினாலும் பொருந்தும். கோயில் வழக்கில் உள்ள 'ஜீர்ணோத்தாரணம்' பொருளில் மிக அருகில் வருகிறது. சிதைந்ததைத் தூக்கி நிறுத்துதல் என்று பொருள். ஆனால் தெருவுக்கும் திண்ணைக்கும் அது வாயில் நுழையாது.

நம்மிடம் 'புதுக்கு' இருக்கிறது. 'புது' என்பதிலிருந்து வந்த வினை: புதுக்கினான், புதுக்கினாள், புதுக்கினார்கள். பழையதை வைத்துக்கொண்டே அதைப் புதிதாக்குவது. இந்தச் சொல்லுக்கு மதுரைக்காரர் ஒருவரே சாட்சி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குடைவரையில் வேலை செய்ததைப் பாறையில் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த அகமண்டபத்தைப் 'புதுக்கி', முன்னால் முகமண்டபத்தை 'எடுத்தான்', அதாவது கட்டினான், என்கிறது அது. இரண்டு வேலைக்கு இரண்டு வினை! இருந்ததற்குப் புதுக்குதல், இல்லாததற்கு எடுத்தல். இவ்வளவு துல்லியம் இன்றைய திட்ட அறிக்கைகளில் கிடையாது.

புதுக்குவதையும் இடித்துக் கட்டுவதையும் மதுரையிலேயே பார்க்கலாம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கே வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ஊருக்கு அது நன்மையாக முடிந்திருக்கலாம், ஆனால் அது புதுக்கல் அன்று, இடித்து விரித்தல். திருமலை நாயக்கர் மகாலில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை செய்வித்தது புதுக்கல். நின்ற தூண்களையும் சுதை வேலைகளையும் அப்படியே தாங்கிப் பிடித்தார்கள்.

ஒரு சுவருக்கு அருகில் போனால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு திண்ணை வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கீழே முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. அதன்மேல் படம் எழுத வேண்டும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட், மேலே பிரைமர், அதற்குமேல் எமல்ஷன் பெயிண்டில் படம் என்பதுதான் இப்போதைய வழக்கம். ஐப்பசி மழை முடிவதற்குள் படம் கொப்பளிக்கும். காரணம் எளிது: தரையிலிருந்து சுவர் இழுக்கும் ஈரம் காரை வழியாக மூச்சுவிட்டு வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, அதன் விளிம்பில் உப்பாகப் பூக்கிறது. சிமெண்ட் ஒட்டு மட்டும் நிற்கும். அதைச் சுற்றியுள்ள பழைய காரை மாவாகக் கொட்டும்.

புதுக்க வேண்டுமென்றால் முதலில் ஈரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் படத்துக்கு இன்னும் நேரமில்லை. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சாக்கடை எங்கே கசிகிறது என்று தேடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பலரும் தவறுவது இங்கேதான்.

பிறகு காரை. நீற்றி, குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. நீற்றும்போது தண்ணீரில்தான் சுட்ட சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். தடித்தால் வெடிக்கும். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நிறத்தைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கலாம். காவி, மஞ்சள் காவி, கரி ஆகியவை சுண்ணாம்போடு ஒத்துப்போகும். பிரஷ்யன் நீலம் காரத்தில் நிறம் கெடும், அதைத் தொடவே வேண்டாம். நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கையில் ஒட்டும். பால் பதத்தில் மெல்லிசாக நான்கைந்து முறை அடிக்க வேண்டும். அடிக்கும்போது கண்ணாடி போலத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுத்து நிறம் எழும். பயந்துபோய்க் கெட்டியாக அடித்துவிடாதீர்கள், உரிந்துவிடும்.

இந்த வேலையைச் செய்பவருக்கும் பழைய பெயர் ஒன்று உண்டு. சங்க நூலான மதுரைக்காஞ்சி மதுரைக் கடைத்தெருவில் ஓவியர்களைக் காட்டும்போது 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. 'ஆர்ட்டிஸ்ட்' என்று எழுதும் இடத்தில் இதை எழுத நமக்கு ஏன் கூச்சம் வர வேண்டும்?

ஆக, 'நகர்ப் புதுக்கம்' என்று எழுதலாம். செயலைச் சொல்லும்போது 'தெருவைப் புதுக்குகிறோம்'. இடித்துக் கட்டுவதாக இருந்தால் 'இடித்துக் கட்டுகிறோம்' என்றே எழுதிவிடுங்கள்.

இதே வேரிலிருந்து கல்வெட்டுகள் இன்னொரு சொல்லையும் தருகின்றன: 'புதுக்குப்புறம்'. கோயிலைப் பழுதுபார்க்கும் செலவுக்கென்று ஒதுக்கி விட்ட நிலம். வேலை முடிந்த நாளில் செலவு முடிவதில்லை என்பதால்தான் நிலமாகவே கொடுத்தார்கள். சுவரோவியத் திட்டங்களின் மதிப்பீட்டில் இப்படியொரு செலவுக்கு இடமே இருப்பதில்லை. திறப்பு விழாவோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குத் தைப் பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் ஒரு மெல்லிய கை அடிக்க வேண்டும், படத்தில் வெளிறிய கோட்டை மறுபடி எழுத வேண்டும். அந்தச் செலவுக்கு மதிப்பீட்டில் 'புதுக்குப்புறம்' என்றே தலைப்பிட்டு ஒரு தொகை ஒதுக்கலாம்.